பயிலுநராக நுழைந்து லீட் ஆன பின்னும் கோட் முழுவதும் என் கையிலேயே கிடக்கிறது

வாய்க்கால்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுமத்தில் நீண்ட நாட்களாக வாசகனாக மட்டுமே இருந்தேன். இன்று ஆலோசனை வேண்டி எழுதுகிறேன்.

வட்டக்கச்சி என் ஊர். வவுனியாவில், அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த காலத்தில், தகவல் தொழினுட்பம் படித்து முடித்து, கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். இப்போது ஏழாவது வருடம் நடக்கிறது. கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்தவன் இன்னும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு தடவை இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போய், இரண்டு நாட்கள் அலுவலகத்தில் இருந்துவிட்டுத் திரும்புவேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஐந்து பேர் கொண்ட அணிக்கு என்னை ரெக் லீட், அதாவது தொழினுட்பத் தலைவர், ஆக்கினார்கள். அன்று வீட்டில் பாற்சோறு ஆக்கினோம். அதற்குப் பிறகு ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்றால் மிகையில்லை. பகல் முழுவதும் மீற்றிங்கில் கழிகிறது. இரவு பத்து மணிக்குப் பின், அணியிலுள்ளவர்கள் எழுதி அனுப்பியிருக்கும் மென்பொருள் கோடைத் திறந்தால், எப்படித் திருத்தவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி எழுதும் நேரத்தில் நானே திருத்தி முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. அப்படியே செய்தும் விடுகிறேன். காலையில் எல்லாம் சரியாக ஓடுகிறது, அவர்களும் நன்றி சொல்கிறார்கள், அடுத்த நாள் அதே பிழையோடு அடுத்த கோட் வருகிறது.

சென்ற வாரம் மனேஜர் இரண்டு விடயங்களைச் சொன்னார். முதலாவது, "நீங்கள் ஒரு கிழமை லீவில் போனால் இந்த அணியின் நிலை என்ன?" என்ற கேள்வி. இரண்டாவது, மீற்றிங்கில் நான் கதைப்பதே இல்லை என்பது; அரையாண்டு மதிப்பீட்டிலும் அதை எழுதியிருக்கிறார். பயிலுநராக இருந்த நாள் முதல், சொன்ன வேலையைச் சொன்ன நாளுக்கு முன் முடிப்பவன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயர்தானே என்னை இங்கே கொண்டுவந்து விட்டது? இனிமேல் எங்கே மாற வேண்டும்? மேலே போக வேண்டுமென்றால் நிரந்தரமாகக் கொழும்புக்கே திரும்பிவிட வேண்டுமா?

---

உப்பளக்காற்று

தம்பி, பாற்சோறு ஆக்கிய அன்றே உங்களுடைய பழைய வேலை முடிந்துவிட்டது. அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இத்துறையில் எனக்குப் பதினேழு வருடங்கள். நம் நாட்டு நிறுவனங்களில் படிகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: பயிலுநர், அசோசியேற் என்ஜினியர், என்ஜினியர், சீனியர் என்ஜினியர், பிறகு ரெக் லீட். சீனியர் வரைக்கும் உள்ள ஒவ்வொரு படியும் முந்தைய படியின் நீட்சி. முதலில் ஒரு ரிக்கெற்றை, அதாவது எழுதித் தரப்படும் ஒரு சிறு வேலையை, முடிப்பீர்கள், பிறகு ஒரு முழு அம்சத்தை, பிறகு ஒரு பகுதியையே வடிவமைப்பீர்கள். லீட் என்ற இடத்தில் அந்த நீட்சி அறுந்துவிடுகிறது. அதுவரை உங்கள் கையால் வந்ததைக் கணக்கெடுத்தவர்கள், இனிமேல் மற்றவர்களின் கையால் வருவதையே உங்கள் கணக்கில் எழுதுவார்கள். அங்கே ஒருவன் இரவிரவாகக் கோட் எழுதினால், அது கடின உழைப்பாகத் தெரிந்தாலும், உண்மையில் தன் வேலையிலிருந்து ஒளித்து ஓடுவதுதான். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே ஒளித்தவன்.

நான் லீட் ஆன முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பணக்கொடுப்பனவுப் பகுதி ஒன்றின் றிலீஸுக்கு, அதாவது அதை வாடிக்கையாளரின் பாவனைக்கு விடுவதற்கு, முதல் நாள். எங்கள் அணியில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பிள்ளை, இரண்டு கிழமை இருந்து எழுதிய கோடை இரவு பதினொரு மணிக்குத் திறந்து பார்த்தேன். வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குள் முழுவதையும் மாற்றி எழுதிவிட்டேன், பெருமையோடு படுத்தும் விட்டேன். காலையில் வாடிக்கையாளருடன் மீற்றிங். அந்தப் பிள்ளை தன் வடிவமைப்பை விளக்க ஆரம்பித்தது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது சொல்வது அங்கே இல்லை. திரையை மேலும் கீழுமாக இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிக்கவும், எனக்கு விளங்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டது. நான் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். "நான் தொடர்கிறேன்" என்று மட்டும் சொல்லி, மீதியை நானே விளக்கினேன். வாடிக்கையாளர் என்னைப் பாராட்டினார். மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போய்விட்டது. இன்றைக்கு அதே பிள்ளை வேறோர் இடத்தில் என்னைவிடப் பெரிய அணியை நடத்துகிறது என்பதுதான் எனக்குள்ள ஒரே ஆறுதல்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. மற்றவருடைய கோடைப் பார்க்கும்போது விசைப்பலகையில் கை வைப்பதில்லை. பிழை கண்டால் திருத்தத்தை எழுதாமல் கேள்வியை எழுதுவேன்: "இந்தப் பட்டியல் வெறுமையாக வந்தால் இவ்விடத்தில் என்ன நடக்கும்?" கேட்கப்பட்டவர் தானே ஓட்டிப் பார்ப்பார், தானே கண்டுபிடிப்பார், அடுத்த தடவை நான் கேட்பதற்கு முன் பார்த்து வைப்பார். முதல் இரண்டு மாதம் இது மிகவும் மெதுவாகத்தான் போகும். நாட்கள் தள்ளிப்போவதைப் பற்றி மனேஜருக்கு முன்கூட்டியே சொல்லி, அந்த ஏச்சை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். லீட் என்ற சம்பளத்தில் பாதி அதற்குத்தான்.

"லீவில் போனால் என்ன நடக்கும்" என்று மனேஜர் கேட்டதற்குத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. எத்தனை பேர் பேருந்தில் அடிபட்டால் திட்டம் நின்றுபோகும் என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பேருந்தைவிட யானைக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பதால், யானைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அணியின் எண் இப்போது ஒன்று.

---

அறிவியல்நகர் மாணவி

இந்த இழையைப் பொறியியல் பீடத்து விடுதியில் நால்வர் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு சந்தேகம். சத்ய நாதெல்லா 1992 இல் மைக்ரோசொப்டில் சாதாரணப் பொறியியலாளராகச் சேர்ந்து 2014 இல் அதன் தலைமை நிறைவேற்று அதிகாரியானார். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2004 இல் கூகுளில் சேர்ந்து 2015 இல் தலைமைக்கு வந்தார். இந்த எடுத்துக்காட்டுகளைத்தான் எங்களுக்கு ஒவ்வொரு கருத்தரங்கிலும் காட்டுகிறார்கள். இவற்றிலிருந்து எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள உண்மையில் ஏதும் உண்டா?

---

பாலைப்பழம்

மாணவித் தங்கச்சியின் கேள்விக்கு உப்பளக்காற்று அண்ணா பதில் சொல்வார். நான் இழையைத் தொடங்கிய தம்பியின் இரண்டாவது விடயத்துக்கு, அதாவது மீற்றிங்கில் கதைக்காததற்கு வருகிறேன்.

நான் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவள். கோட் எழுதும் பக்கமாக அல்லாமல், மென்பொருளைச் சோதிக்கும் கியூஏ பக்கமாக இத்துறைக்குள் நுழைந்தேன். இன்று மூன்று அணிகளின் விநியோகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கியூஏ என்றால் இரண்டாந்தர வேலை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. நான் மேலே வந்த வழி, யாருடைய வேலையும் அல்லாத ஒரு வேலையைக் கையில் எடுத்ததுதான். ஒவ்வொரு றிலீஸுக்குப் பிறகும் வாடிக்கையாளரிடமிருந்து பிழைகள் வரும், திருத்துவோம், மூடுவோம். ஆறு மாதத்துப் பிழைகள் எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எக்செல் தாளில் எழுதி, எங்கே தோன்றியது, யாருக்கு முதலில் தெரிந்தது, சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்று மூன்று நிரல்கள் போட்டேன். பாதிக்கு மேற்பட்டவை ஒரே இடத்தில் பிறந்தன. விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டவை, ரிக்கெற்றில் எழுதப்படாமலே கோடாகியிருந்தன. கோட் எழுதியவர்களும் சோதித்தவர்களும் ஒருவரை ஒருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தோம், பிழையோ இருவரிடமும் வேலை வருவதற்கு முன்பே நடந்திருந்தது.

இதைக் கண்டுபிடித்தது எளிது. மீற்றிங்கில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. நாங்கள் படித்த பள்ளிக்கூடங்களில், ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டால் எழும்பி விடை சொல்வோம். கேட்காமல் வாயைத் திறந்தால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வரும். அந்தப் பழக்கத்தோடு, ஆங்கிலத்தில், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர் நான்கு பேர் முன்னிலையில் குறுக்கிட்டுக் கதைக்கவேண்டும். வார்த்தைகள் மனதுக்குள் ஒழுங்காகும்போது மீற்றிங் அடுத்த விடயத்துக்குப் போயிருக்கும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு நடப்பது இதுதான்: அவர்களிடம் கருத்து இருக்கும், வாக்கியம் பிந்தி வரும், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் "இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொள்வார்கள்.

நான் செய்தது மிகச் சின்னக் காரியம். ஒவ்வொரு மீற்றிங்குக்கும் முன், கொப்பியில் இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் முழுதாக எழுதி வைப்பேன், அவற்றில் ஒன்றை முதல் ஐந்து நிமிடத்துக்குள் வாசித்துவிடுவேன். வாசிப்பதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்திருந்தேன். முதல் வாக்கியம் வெளியே வந்துவிட்டால் இரண்டாவது தானாக வரும். அரை மணி நேரம் மௌனமாக இருந்துவிட்டால் பிறகு என்ன செய்தாலும் வராது. அந்த எக்செல் தாளைப் பற்றியும் இப்படித்தான் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றும் இருந்தது, இன்றைக்கும் நினைவிருக்கிறது. எவரும் அதைக் கவனிக்கவில்லை. தாளை அனுப்பும்படி கேட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் மீற்றிங் எங்களுக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் வரும். கூட்டுக் குடும்பத்தில் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் சிரித்துக் கதைக்கும் மருமகளைப் பற்றி என்னென்ன பேச்சு வரும் என்பதை எந்தத் தலைமைத்துவப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். நான் ஒரு நாள் மாமியைப் பக்கத்தில் இருத்தி முழு மீற்றிங்கையும் பார்க்க வைத்தேன். முடிந்ததும், "அந்த வெள்ளைக்காரன் உன்னட்டைத்தான் ஏச்சு வாங்கினவன் போல கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு எட்டு மணிக்கு எனக்கு முன்னால் தேநீர் வந்துவிடும்.

---

தனிப்பனை

மேலே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இழை முழுவதும் ஒரு கேள்வியைக் கேட்காமலே போய்க்கொண்டிருக்கிறது. மேலே போவதென்றால் மனிதர்களை நிர்வகிப்பதுதான் என்று யார் முடிவு செய்தது?

நான் இரண்டு வருடங்கள் என்ஜினியரிங் மனேஜராக இருந்து, நானாகக் கேட்டு இறங்கியவன். இறங்கியவன் என்ற சொல்லே பிழை, பக்கவாட்டில் போனவன். லீட் என்ற படிக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மனேஜர் பக்கம்: ஆள் சேர்ப்பு, மதிப்பீடு, சம்பளப் பேச்சு, சண்டை தீர்ப்பது. மற்றது ஆர்க்கிரெக்ற் பக்கம்: எந்தத் தரவுத்தளம், எதை இரண்டாகப் பிரிப்பது, எதை எழுதாமலே விடுவது என்ற முடிவுகள். இரண்டாவது பாதையில் போகிறவருக்கும் தலைமை உண்டு, ஆனால் அது கையொப்ப அதிகாரத்தால் வருவதன்று. பத்துப் பேர் கேட்டு ஒப்புக்கொள்ளும்படி காரணம் சொல்லத் தெரிந்தால்தான் அங்கே நிற்கலாம். எங்கள் ஊரில் மனேஜர் என்ற சொல்லுக்குக் கலியாணச் சந்தையில் இருக்கும் விலை ஆர்க்கிரெக்ற்றுக்கு இல்லை. வீடு கட்டுகிறவர் என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்காக ஒருவர் தனக்குப் பொருந்தாத கதிரையில் பத்து வருடம் உட்கார வேண்டுமா?

ஆகவே தம்பி, இரவு பத்து மணிக்குப் பின் நீங்கள் கோட் எழுதுவது ஒளித்து ஓடுவதாகவும் இருக்கலாம், உங்களுக்கு மெய்யாகவே அதுதான் பிடிக்கும் என்பதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை மூன்று மாதத்தில் சொல்லமுடியாது. ஒரு வருடம் லீட் வேலையை ஒழுங்காகச் செய்து பார்த்த பின் முடிவெடுங்கள்.

இன்னொன்று, சற்று வெளிப்படையாகவே கேட்கிறேன். பதவி மாற்றத்துக்குக் கடிதம் தந்தார்களா? நான் முதன்முதலில் லீட் வேலை பார்த்த இடத்தில் பதினொரு மாதம் "பொறுப்பாகப் பாருங்கள், கடிதம் வரும்" என்று சொல்லியே ஓட்டினார்கள். கடிதம் வந்தபோது கூடுதல் தொகையை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்காமல் தனிப் படியாக (அலவன்ஸாக) போட்டிருந்தார்கள். அது ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கெடுக்கப்படுகிறதா என்று நான் கேட்கவும் இல்லை. முதலாளியின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, நம்முடையது எட்டு. வருடக் கணக்கில் பார்த்தால் சின்னத் தொகை அன்று. கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

---

வாய்க்கால்கரை

கடிதம் தந்தார்கள், அண்ணா. படியைப் பற்றி இன்றுதான் எடுத்துப் பார்த்தேன், கேட்கவேண்டியிருக்கிறது.

---

உப்பளக்காற்று

தனிப்பனை சொல்வதில் எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. ஆர்க்கிரெக்ற்றாகப் போகிறவரும் தன் கோடை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கப் பழகத்தான் வேண்டும் என்பது மீதிக் கால்வாசி.

மாணவிக்கு: நாதெல்லாவுக்கு அது இருபத்திரண்டு வருடப் பயணம் என்பதைக் கருத்தரங்குகளில் சொல்கிறார்களா? தலைமைக்கு வருவதற்கு முன் அவர் சேர்வர் மென்பொருட் பிரிவையும் பிறகு கிளவுட் பிரிவையும் நடத்திக்கொண்டிருந்தார். வீடுகளில் வின்டோஸ் பாவித்தவர்களுக்கு அவருடைய பெயரே தெரியாது. பிச்சை கூகுளில் முதலில் பார்த்த வேலைகளில் ஒன்று உலாவியின் மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த டூல்பார். ஊரில் யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய வேலை அன்று. ஆனால் மற்றவருடைய உலாவியை நம்பியிருப்பதன் ஆபத்து அங்கேதான் தெரியும். 2008 இல் கூகுளின் சொந்த உலாவியான குரோம் வந்தபோது அதன் பின்னால் அவர் இருந்தார். எடுத்துக்கொள்ள இவ்வளவுதான் உண்டு. மற்றபடி இருவரும் முதுகலைப் படிப்புக்கு அமெரிக்கா போனவர்கள், மிகப் பெரிய நிறுவனங்கள் வளர்ந்த காலத்தில் அவற்றுக்குள் இருந்தவர்கள்; அந்தப் பகுதியை நாம் பின்பற்றமுடியாது. விடுதியில் நீங்கள் நால்வரும் செய்யும் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் கோடை ஒன்றுசேர்ப்பது யார், ஒருவர் வேலையை முடிக்காமல் விட்டால் அவரோடு கதைப்பது யார் என்று பாருங்கள். தலைமை என்பது அந்த வயதிலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

ஆட்களைப் பற்றி ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்குப் பயன்படும். வேலை பிந்தும்போது "இன்னும் ஐந்து பேரைத் தருகிறோம்" என்று மேலிடம் சொல்லும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பழையவர்களின் நேரம். ஐந்து பேருக்குள் கதைக்கவேண்டிய சோடிகள் 10. பத்துப் பேரானால் 45. ஆள் இரண்டு மடங்கு, கதை நாலரை மடங்கு. பிந்திய திட்டத்துக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975 இலேயே எழுதினார். ஒவ்வொரு புதிய லீடும் அதை ஒரு தடவை தானே பட்டுத்தான் நம்புகிறார்.

---

ஓமந்தைச்சந்தி

கொழும்புக்குப் போகவேண்டுமா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதில் சொந்த அனுபவம் உண்டு.

2022 பங்குனி மாத இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். நான் ஓமந்தையில் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் இல்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்றால் அன்றைய நாள் போய்விடும். கொழும்பிலிருந்தவர்கள் அலுவலகத்துக்குப் போனார்கள், அங்கே மின்சாரம் இருந்தது. நான் மீற்றிங்குகளைத் தவறவிட ஆரம்பித்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தேன். மின்சாரம் இருக்கும் நேரத்தில் கோட். இல்லாத நேரத்தில், மடிக்கணினியின் மின்கலம் தீர்ந்த பின், கைத்தொலைபேசியில் குறிப்பு. எதைச் செய்யப்போகிறேன், வேறு எந்த வழிகளை யோசித்தேன், அவற்றை ஏன் விட்டேன், என்னைக் கேட்காமல் மற்றவர்கள் எவற்றை முடிவு செய்யலாம், எவற்றுக்கு என் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடைசி இரண்டும்தான் முக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதத்தில், கொழும்பு அலுவலகத்தில் ஒரே மேசையில் இருப்பவர்கள்கூடத் தங்களுக்குள் கேட்காமல் என் குறிப்பைத் தேடிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வருடத்தில் எங்கள் அணியிலிருந்து பலர் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். போனவர்கள் தலையில் வைத்திருந்ததெல்லாம் அவர்களோடு விமானம் ஏறிவிட்டது. எழுதி வைக்கப்பட்டிருந்த பகுதியை நடத்துவதற்கு ஆள் தேடியபோது என் பெயர் வந்தது.

இருந்தும் ஒன்றை மறைக்கக்கூடாது. தூர இருந்தால் லீட் வரைக்கும் வரலாம். அதற்கு மேல் போகும்போது, தேநீர் குடிக்கும் இடத்தில் நடக்கும் கதைகளில் பல முடிவுகள் முடிந்துவிடுகின்றன. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஸோகோ மென்பொருள் நிறுவனத்தை ஸ்ரீதர் வேம்பு நடத்தவில்லையா என்று கேட்பார்கள். நிறுவனர் கிராமத்துக்குப் போனால் தேநீர் குடிக்கும் இடமும் அவரோடு கிராமத்துக்குப் போய்விடுகிறது. நாம் போனால் நாம் மட்டும்தான் போவோம். ஆகவே மாதத்தில் இரண்டு நாட்கள் போகிற தம்பி, அந்த இரண்டு நாட்களில் கோட் எழுதவேண்டாம். அதை வீட்டில் எழுதலாம். அந்த இரண்டு நாளும் மனிதர்களோடு கதைத்துவிட்டு வாருங்கள்.

---

வாய்க்கால்கரை

எல்லோருக்கும் நன்றி. நான்கைந்து தடவை வாசித்தேன். வாசிக்கும்போது அப்பாவின் ஞாபகம் வந்துகொண்டே இருந்ததால் அதையும் எழுதுகிறேன். தலைப்பை விட்டு விலகுவதாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

அப்பா பல வருடங்கள் எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்தார். காலபோகத்தில் பிரச்சினை குறைவு, மழை பெய்யும். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்துத்தான் எவ்வளவு காணி விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவாகும், எல்லோருக்கும் போதாது. அந்த நாட்களில் அப்பா எங்கள் வயலில் நின்றதைவிட வாய்க்கால் வரம்பில் சைக்கிளோடு நின்றதுதான் அதிகம். நீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "எங்கடை வயல் காயுது, நீங்கள் ஊர் வயலைப் பார்க்கிறியள்" என்று அம்மா ஏசுவார். நானும் அம்மாவின் பக்கம்தான் இருந்தேன்.

---

தனிப்பனை

நல்ல நினைவு. ஆனாலும் ஒப்புமையில் ஒரு ஓட்டை உண்டு: உங்கள் அப்பாவின் நீர் குளத்திலேயே அளவாக இருந்தது. உங்கள் அணியின் திறமை பயிற்சி கொடுக்கக் கொடுக்கக் கூடும். பங்கிடுபவராக மட்டும் இருந்துவிடாதீர்கள்.

---

பாலைப்பழம்

அம்மா ஏசியதையும் மறக்கவேண்டாம், தம்பி. சொந்த வயல் காயக்கூடாது. கிழமையில் அரை நாளாவது நீங்களே கோட் எழுதுங்கள். ஆனால் எவருடைய றிலீஸும் அதில் தங்கியிருக்காத கோடாக இருக்கட்டும். கோடைத் தொடாமலே விட்ட லீட்களிடம் ஐந்து வருடத்துக்குப் பின் எந்த மதிப்பீட்டையும் கேட்கமுடியாது.

---

வாய்க்கால்கரை

ஏழு வாரங்களின் பின் எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது.

முதல் இரண்டு வாரமும் திருத்தாமல் கேள்வி எழுதினேன். வேலை பிந்தியது. மனேஜரிடம் முன்பே சொல்லியிருந்தபடியால் ஏச்சு மிதமாகவே இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு றிலீஸை, அணியில் மிகவும் இளையவரான தங்கச்சியிடம் முழுமையாக ஒப்படைத்தேன். அமெரிக்க வாடிக்கையாளரின் விலைப்பட்டியல்களை வாசிக்கும் பகுதி அது. றிலீஸாகி இரண்டு மணித்தியாலத்தில் கொடுப்பனவுத் திகதிகள் பிழையென்று அறிவித்தல் வந்தது. எனக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. அவர்கள் மாதத்தை முதலிலும் நாளைப் பிறகும் எழுதுவார்கள். எங்கள் கோட் முதலில் நாள், பிறகு மாதம் என்று வாசித்துப் பார்த்து, அது சரிவராவிட்டால்தான் மற்ற முறைக்குப் போகும். 06/25 என்றால் இருபத்தைந்தாம் மாதம் இல்லாதபடியால் தானாகத் திருந்திவிடும். 06/05 என்றால் யூன் 5 மே 6 ஆகிவிடும், ஒரு முறைப்பாடும் வராது. நாங்கள் சோதனைக்கு எடுத்த பட்டியல்களில் இருந்த திகதிகள் எல்லாம் 12 க்குப் பிந்தியவை.

திருத்துவதற்கு எனக்கு ஐந்து நிமிடம் போதும். கையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், உண்மையாகவே அப்படித்தான் இருந்தேன். அழைப்பில் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "பிழையான பட்டியல்களுக்கும் சரியான பட்டியல்களுக்கும் இடையில் என்ன வித்தியாசம்?" முதலில் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுவோம் என்று அவரே சொன்னார், திரும்பினோம். நாற்பது நிமிடம் கழித்து, "அண்ணா, 12 ஆம் திகதி" என்று கத்தினார். இப்படி ஒரு குரல் எங்கள் அணியின் அழைப்பில் இதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு அறிக்கை எழுதவேண்டியிருந்தது. எவருடைய பெயரையும் போடாமல், சோதனைத் தரவு எப்படித் தெரிவு செய்யப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பித்து அவரையே எழுதச் சொன்னேன். வாடிக்கையாளருடனான மீற்றிங்கில், பாலைப்பழம் அக்கா சொன்னபடி இரண்டு வாக்கியங்களைக் கொப்பியில் எழுதி வைத்து, முதல் ஐந்து நிமிடத்துக்குள் வாசித்தேன்: றிலீஸுக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான், மீதியை இந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் விளக்குவார். அவர் விளக்கினார். கோப்பைத் திறந்தபோது அவர் எழுதியது அங்கேயே இருந்தது.

படியைப் பற்றியும் கேட்டேன். பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். வெள்ளி முதல் செவ்வாய் வரை லீவு போட்டு, மடிக்கணினியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கோயிலடியில் சனக்கூட்டத்துக்குள் தொலைபேசிச் சமிக்ஞையும் ஒழுங்காக இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளத்துக்கு வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். அணியின் குழுவில் இரண்டு ரிக்கெற்றுகள் திறந்து, கதைத்து, மூடப்பட்டிருந்தன. தவறிய அழைப்பு ஒன்றே ஒன்று. அம்மாவுடையது. முறிகண்டியில் இறங்கினால் கச்சான் வாங்கி வரட்டாம்.